இலேசான மட்டைக்கு ஓர் உறை

என் பேத்தி ஐஸ் ஹாக்கியில் கோல் காக்கிறாள். எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "பொம்பிளைப் பிள்ளையை ஏன் அங்கை விட்டனீங்கள்? பல்லுப் போனால் என்ன செய்யிறது?" என்று கேட்கிறார்கள். அவளுடைய முகக்கவசத்தில் பதினெட்டுக் கம்பிகள் இருக்கின்றன, அவர்கள் அடிக்கும் ரப்பர் வட்டு புகக்கூடிய இடைவெளி ஒன்றுகூட இல்லை என்று நான் பதில் சொல்வேன். கம்பிகளை எண்ணியவன் நான்தான். இடைவெளிகளை ஒரு பழைய நாணயத்தை வைத்துப் பார்த்ததும் நான்தான். அப்படியிருந்தும் ஒவ்வொரு ஆட்டத்திலும் என் நாக்கு என் பல்லைத் தடவிக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனியில் ஹம் நகரில் மகனுடன் இருக்கிறேன். மகனுக்குத் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் வேலை முறை. மருமகள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அதனால் பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. பனித்தளத்தின் மூன்றாம் வரிசையில் ஒரு மெத்தைத் துண்டைப் போட்டு, போத்தலில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பேன். பேத்திக்கு நான் அப்பப்பா; அங்குள்ள ஜெர்மன் பிள்ளைகளுக்கும் பயிற்சியாளர் பெண்ணுக்கும் நான் 'ஓப்பா'. அவர்கள் மொழியில் தாத்தா. அதற்கு மேல் என் பெயரை யாரும் கேட்டதில்லை.

கோல் காப்பவரின் மட்டை மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. கீழ்ப்பாதி பலகைபோல அகன்றிருக்கும். அதை ஒரே கையால், வலது கையால், பிடிக்க வேண்டும். மற்றக் கையில் வட்டைப் பிடிக்கும் பெரிய கையுறை. மட்டையின் அலகு எப்போதும் பனியில் படிந்திருக்க வேண்டும். பிள்ளை இடப்பக்கம் சறுக்கினால் மட்டையும் கூடவே சறுக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் கால்களுக்கு நடுவே வழி திறந்துவிடும்.

அவளுக்குக் கழகம் இரவல் கொடுத்திருந்தது ஒரு மரமட்டை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சமையலறைத் தராசில் குறுக்கே வைத்து நிறுத்தேன். எண்ணூற்றுப் பத்து கிராம். பதினொரு வயதுப் பிள்ளையின் ஒரு மணிக்கட்டுக்கு அது அதிகம். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் வேலைக்காலம் முழுவதும் ஒரு கம்பித் தொழிற்சாலையின் நிறுவைப் பகுதியில் கழிந்தது. தராசு காட்டுமுன்பே கை சொல்லிவிடும். அந்த மட்டையைத் தூக்கியபோதே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி இரண்டு ஆட்டங்களில் அவள் விட்ட கோல்கள் பதினொன்று. அவற்றில் எட்டு, கால்களுக்கு நடுவே போனவை. நான் கண்டதைப் பயிற்சியாளரும் கண்டிருந்தார். கரகரத்த குரலுள்ள அந்தப் பெண் பயிற்சி முடிந்ததும் என்னையும் பிள்ளையையும் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். பிள்ளைக்குக் கண் நல்லது, கால் நல்லது, கைதான் தாங்கவில்லை. இலேசான மட்டை ஒன்று வாங்குங்கள். அப்படியும் சரிவராவிட்டால் இவள் பின்வரிசையில் விளையாடட்டும், கோலுக்கு மற்றப் பையன் இருக்கிறான். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் முடிவு சொல்கிறேன்.

திரும்பும் வழியில் பிள்ளை பேருந்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தாள். இறங்குவதற்குச் சற்றுமுன், "கோலிலை நிக்கேலாட்டி நான் விளையாடேல்லை, அப்பப்பா" என்றாள்.

"பின்னுக்கு நிண்டாலும் விளையாட்டுத்தானே, குஞ்சு?"

"அது வேறை. கோலிலை எண்டால் எல்லாரும் எனக்கு முன்னாலை. நான்தான் எல்லாத்தையும் பாக்கிறன்."

அவளுடைய பாட்டன் அல்லவா நான், எனக்கு அது விளங்கியது.

மகன் சிறு பிள்ளைகளுக்கென்றே செய்த மட்டை ஒன்றை வரவழைத்தான். திங்கட்கிழமை பெட்டி வந்தது. நான் வாசலில் வாங்கிக்கொண்டு, வெறும் பெட்டியை அனுப்பிவிட்டார்கள் என்று அவனுடைய வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உடைச்சுப் பாருங்கோ அப்பா. உள்ளுக்கு நுரை, வெளியிலை கார்பன். பாரமில்லாததுதான் விசயமே."

தராசில் ஐந்நூற்று நாற்பது. மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். மருமகள் வேலை உடுப்போடு உள்ளே வந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, நிறுத்தாச்சே? இனி அந்தத் தராசிலை மரக்கறியும் வைக்கலாமோ?"

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அவளுடைய கை வேறு கையாகிவிட்டது. மட்டை அவளுக்கு முன்னால் ஓடியது. நடுவில் ஒருதரம் தடுப்பருகே சறுக்கி வந்து, கம்பிகளுக்குள்ளிருந்து, "காத்துமாதிரி இருக்கு, அப்பப்பா!" என்று கத்திவிட்டுப் போனாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் வட்டு மட்டையில் மோதும்போதெல்லாம் வந்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. மரத்தின் சத்தமல்ல, முட்டை ஓட்டைத் தட்டுவதுபோன்ற ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தால் அகன்ற பகுதியில் நான்கு கீறல்கள். ஒரே பயிற்சியில் நான்கு. சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவில் அது இரண்டாக முறிந்து பிள்ளை வெறுங்கையோடு நிற்கும் காட்சி எனக்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

எங்கள் ஆட்களுக்குப் பாரம் என்றால் ஒரு மரியாதை. கனமில்லாத சங்கிலியை யாரும் கலியாணத்துக்குக் கொடுப்பதில்லை. பானையைக் கடையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். இலேசான பொருளை வாங்கினால், அதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்றுதான் தோன்றும். எங்கள் வீட்டு ரிமோட் இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் இருக்கிறது. மகனுடைய காரின் பின்னிருக்கைகளில் தொழிற்சாலையில் போட்ட பொலித்தீன் இன்னும் கிழியவில்லை. கொழும்புக்குப் பெட்டி அனுப்பும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் பல, ஒட்டுவதற்கு என்னைத்தான் கூப்பிடும். "அண்ணை ஒட்டின பெட்டியைக் கஸ்டம்ஸ்காரனும் திறக்கமாட்டான்" என்று ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அந்த வாரம் தளத்தில் ஏதோ சறுக்கு நடனக் காட்சி இருந்ததால் வேறு பயிற்சி இல்லை. புதனும் வியாழனும் பிற்பகலில் சாப்பாட்டு மேசையில் மட்டையைக் கிடத்தினேன். முதலில் கீறல்களுக்கு மேல் மெல்லிய கண்ணாடித் தாள். அதற்கு மேல், அகன்ற பகுதிக்குச் சரியாக வெட்டிய தடித்த பிளாஸ்டிக், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு உறை போடுவதுபோல மூலை மடித்து. அதற்கு மேல் துணி ஒட்டுநாடா, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி. மூன்று சுருள்கள் முடிந்தன. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக்குமிழ் இல்லை.

பள்ளியால் வந்த பிள்ளை அதை இரண்டு கைகளாலும் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"வடிவாய் இருக்கு, அப்பப்பா."

"இனி முறியாது, என்ன?"

"ஓம். முறியாது."

மகன் இரவுச் சாப்பாட்டுக்கு வந்து, மூலையில் சாத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உதைக் கொழும்புக்கு அனுப்பப் போறியளோ?" என்றான். எல்லோரும் சிரித்தோம். பிள்ளையும் சிரித்தாள். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் வெங்காயமும் தராசைத் தப்பியதில்லை. ஒட்டி முடித்த மட்டையை மட்டும் யாரும் தராசில் வைக்கவில்லை. தராசுக்குச் சொந்தக்காரனான எனக்கும் அது தோன்றவில்லை. மேலே சுற்றியதெல்லாம் உறை, உறைக்கு ஏது பாரம் என்றுதான் மனம் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மருமகளுக்கு ஓய்வுநாள். அவளும் என்னுடன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். ஆட்டத்துக்கு மூன்று பகுதிகள், நடுவில் இரண்டு இடைவேளைகள். முதல் பகுதியிலேயே மூன்று கோல்கள் விழுந்தன. மூன்றும் கால்களுக்கு நடுவே. ஒவ்வொரு தடவையும் பிள்ளை சரியான பக்கத்துக்குத்தான் சறுக்கினாள். கால் போனது, உடம்பு போனது, மட்டை பின்னால் வந்தது. பழைய மரமட்டை வந்ததுபோலவே வந்தது.

"ஏன் மாமா, புது மட்டைதானே பிடிச்சிருக்கிறாள்?"

"புதுசுதான். பயத்திலை கை விறைச்சிருக்கும்" என்றேன். பயிற்சியாளர் மற்றப் பையனைப் பார்த்துத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினார். அவன் போட்டுக்கொண்டான்.

இடைவேளையில் பயிற்சியாளர் தடுப்பருகே வந்து என்னைப் பார்த்து, "ஓப்பா!" என்று கூப்பிட்டார். அவருடைய கையில் மட்டை இருந்தது. பக்கத்தில் பிள்ளை, தலைக்கவசம் கழற்றாமல். வழுக்காமல் பிடிப்பதற்காக இவளே நாடா சுற்றினாளாம், உண்மையா என்று ஜெர்மனில் கேட்டபடி மட்டையைத் தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். தராசு தேவைப்படவில்லை. எண்ணூறுக்கு இருபது குறைவாக இருக்கும் என்று கை சொன்னது.

"நான்தான் சுற்றினேன்" என்றேன் ஜெர்மனில். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். அவருடைய உதடு கோணியது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பனியை வழிக்கும் வண்டி தளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, அந்த வண்டி வெளியே போகுமுன் இதெல்லாம் கழன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பையன் இறங்குவான் என்றார்.

நகத்தால் நுனியைத் தேடினேன். கிடைக்கவில்லை. நுனி தெரியாமல் ஒட்டுவதுதான் என் கெட்டித்தனம். வீட்டுக் கதவுத் திறப்பால் கீறினேன், துணி நாடா கிழியாமல் இழுபட்டது. வண்டி முதல் சுற்றை முடித்துத் திரும்பியது.

"விடுங்கோ மாமா, விடுங்கோ" என்று மருமகள் வரிசைகளைத் தாண்டி இறங்கி வந்தாள். அவளுடைய கைப்பையில் எப்போதும் கிடக்கும், முனை மழுங்கிய, காயக்கட்டு வெட்டுகிற கத்தரிக்கோல். "கிழவனாக்களின்ரை கட்டெல்லாம் ஒரு நிமிசத்திலை வெட்டுறனான். உங்கடை கட்டு என்ன பெரிய கட்டே?" மேலிருந்து கீழாக ஒரே கோடாக வெட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். நாடா, பிளாஸ்டிக், கண்ணாடித் தாள் எல்லாம் ஒன்றாக, பலாப்பழத் தோல்போல உரிந்து வந்தன. பிள்ளைகள் அறைக் கதவில் கூடி நின்று கைதட்டிச் சிரித்தார்கள். "ஓப்பா, உள்ளே பரிசு ஏதாவது இருக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று கேட்டேன். "பாரமாய் இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அவள் கம்பிகளுக்குள்ளிருந்து பார்த்தாள். "ரெண்டு நாள் இருந்து ஒட்டினீங்கள். சொன்னால் நித்திரை கொள்ள மாட்டியள்."

"அதுக்கு? கோல் போனாலும் பரவாயில்லையே?"

"பிடிச்சிடலாம் எண்டுதான் நினைச்சன்." மூக்கை உறிஞ்சினாள். "ஏலாமல் போச்சு."

மருமகள் கடைசித் துண்டை இழுத்தபோது வண்டி தளத்தின் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தது. பிள்ளை மட்டையை வாங்கி ஒருதரம் காற்றில் வீசிப் பார்த்தாள். பயிற்சியாளர் பையனைப் பார்த்து இரு என்று கையைக் காட்டினார். அவன் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டாம் பகுதியில் எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி தனியாக வந்தாள். முன்பு கோல் விழுந்த அதே வழிதான். வலப்பக்கம் ஏமாற்றி, இடப்பக்கம் இழுத்து, கால்களுக்கு நடுவே தட்டினாள். எங்கள் பிள்ளை சறுக்கினாள். மட்டை அவளுக்கு முன்னே போய் அங்கே படுத்திருந்தது. டக். அந்த முட்டையோட்டுச் சத்தம். மருமகள் என் தொடையில் அடித்தாள். இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அதன் பிறகு ஒரே ஒரு கோல்தான் போனது. அது தோளுக்கு மேலாகப் போனது, மட்டையைக் குறைசொல்ல முடியாது. மூன்றுக்கு நாலாகத் தோற்றோம். பயிற்சியாளர் பிள்ளையின் தலைக்கவசத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, அடுத்த ஆட்டத்திலும் நீதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஓப்பா மட்டையைத் தொடக்கூடாது என்றார். பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மருமகள் ஓட்டிவந்த காருக்குப் போகும்போது மட்டையைத் தூக்க நான் கையை நீட்ட, பிள்ளை அதை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சும்மா பகிடிக்கு, அப்பப்பா" என்று பிறகு தானே தந்தாள்.

வீட்டில், கழற்றிய நாடாவைச் சுருட்டித் தராசில் வைத்தேன். இருநூற்று நாற்பது கிராம். கை சொன்னது சரிதான். "அதையும் ஒரு உறையிலை போட்டு வையுங்கோ, மாமா" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் மட்டையை விளக்கடிக்குக் கொண்டுபோனேன். தொட்டேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பழைய நான்கைத் தள்ளிவிட்டால் புதிதாகப் பதினேழு கீறல்கள், ஓரத்தில் நகம்பட்டதுபோல ஒரு சிறு பள்ளம். பதினேழும் கோலுக்குள் போகாத வட்டுகள். பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அந்த இடத்தில் முறியுமோ என்று ஒரு யோசனை வந்தது. மேசை இழுப்பறையில் ஒரு சுருள் நாடா மிச்சம் இருப்பதும் நினைவுக்கு வந்தது. குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மட்டையை அவளுடைய பையின் மேலேயே, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.