கப்பலுக்குள் ஊற்றிய மஞ்சள் நீர்

ஆகஸ்டு 3. மலேசியாவில் குளுவாங்கிலுள்ள எங்கள் வீட்டில் என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. குருக்கள் புறப்பட்ட பின், மனைவியின் தம்பி மஞ்சள் நீர்ச் செம்புடன் அறை அறையாகச் சென்று தெளித்தார். பின்னறை மேசையில், தொலைவிலிருந்து இயக்கும் மாதிரிப் போர்க்கப்பல் ஒன்று மேல்தளம் கழற்றிய நிலையில் இருந்தது. செம்பில் எஞ்சிய நீர் அதற்குள் ஊற்றப்பட்டது. அதன் பிறகு பேட்டரி இணைக்கப்பட்டது. புகை வந்தது.

ஆகஸ்டு 4. கப்பலின் உட்புறம் துடைத்து உலர்த்தப்பட்டது. தொலைவிலிருந்து வரும் கட்டளைகளை வாங்கும் ரிசீவர் இயங்கவில்லை.

ஆகஸ்டு 10. மைத்துனர் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பெட்டியுடன் வந்தார்.

இப்படி எழுதும்போது எவர்மீதும் குற்றமில்லாததுபோலத் தோன்றுகிறது. ஊற்றப்பட்டது என்கிறேன். ஊற்றியவருக்குக் கை இருந்தது.

அந்தக் கப்பலின் வெளிப்புறம் என் வேலை, உட்புறம் என் மனைவியுடையது. நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். அவள் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் மின்பொறியாளராக இருந்தவள். ஓய்வுக்குப் பின் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தோம். பீரங்கிகளையும் ராடாரையும் நான் செய்தேன். பார்க்க வருபவர்கள் அவற்றைத்தான் படமெடுப்பார்கள். "உங்க பீரங்கி சுடாது. என் மோட்டார் ஓடும்" என்பாள், அவர்கள் காதில் விழும்படியாகவே. பேட்டரியை நடுவில், அடிப்பகுதியோடு ஒட்டி இருத்தினாள். ஒயர்களை நிறம் பிரித்து, நூலால் கட்டி, இரு ஓரங்களிலும் படிய வைத்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் எஞ்சியதை முடிப்பதாகச் சொல்லித்தான் மேல்தளத்தை மூடாமல் போனாள்.

காரியம் முடிந்த அன்று நான் பின்னறைக்குள் நுழைந்தபோது, மோட்டார்கள் பாதி மூழ்கும் அளவுக்கு மஞ்சள் நீர் நின்றிருந்தது. மைத்துனர் காலிச் செம்புடன் அருகில் இருந்தார்.

"என்ன செஞ்சிருக்க?"

"அக்கா கை கடைசியா பட்டது இதுலதானே மாமா. தீட்டு கழியணும் லா."

"உள்ள பூரா எலெக்ட்ரானிக்."

"கப்பல்தானே மாமா! தண்ணி பட்டா என்ன ஆயிடும்?"

கூடத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் பதில் சொல்வதற்குள், தம் பேச்சை மெய்ப்பிக்க அவர் பேட்டரியை இணைத்து சுவிட்சைப் போட்டுவிட்டார். "பாருங்க, ஒண்ணும் ஆகல." சுக்கான் ஒருமுறை துடித்தது. ரிசீவரிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. "அலமாக்!" என்று அதிர்ந்து கையை இழுத்துக்கொண்டார்.

சடங்கை நான் இகழவில்லை. குருக்கள் சொன்னபடியெல்லாம் அமர்ந்தேன், எழுந்தேன். அவர் அறைகளில் தெளிக்கச் சொன்னார். எதற்குள்ளும் ஊற்றச் சொல்லவில்லை. கருகிய ரிசீவரைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். தீட்டு என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை. மைத்துனர் வீட்டு மின்விசிறியையும் சாமிமேடை விளக்கையும் பழுதுபார்த்தவை அவளுடைய அதே கைகள். அவற்றின்மீது எவரும் செம்பைக் கவிழ்க்கவில்லை. அவளுடைய வேலையில் மட்டும், அதுவும் எங்கள் வீட்டிலேயே மிகச் சுத்தமாக இருந்த ஓர் இடத்தில், கழுவுவதற்கு என்ன கண்டார்கள்?

பெட்டியுடன் வந்த அன்று மைத்துனர் உற்சாகமாக இருந்தார். குற்ற உணர்ச்சி சிலரை அப்படி ஆக்கிவிடும்.

"எல்லாத்தையும் புடுங்கிட்டு புதுசா போட்டுருவோம் மாமா. ரெடிமேட் செட். ஒயர்லாம் கூடவே வருது."

அவர் கையில் ஒயர் வெட்டும் கட்டர் இருந்தது. அவளுடைய கட்டர்.

"அத மேசையில வை."

"பழச வச்சுக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க? அக்கா இருந்தா அவளே மாத்தியிருப்பா."

அது உண்மையாக இருக்கலாம். அவள் மாற்றியிருப்பாள். அந்த உரிமை அவளோடு போயிற்று. தம்பிக்கு வந்து சேரவில்லை. திறந்த கப்பலின் குறுக்கே என் கையை நீட்டி வைத்தேன்.

"ரிசீவர மட்டும் குடு. வேற எதுலயும் கை வைக்கக் கூடாது."

"நல்லது செய்ய வந்தா இப்படி."

"நீ செஞ்ச நல்லது போதும்."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். நான் தடுக்கவில்லை.

பழைய ரிசீவரைக் கழற்றுவது கடினம் என்று நினைத்திருந்தேன். அதை அவள் ஒரு தனித் தகட்டில் பொருத்தியிருந்தாள். தகட்டை அப்படியே வெளியே தூக்க முடிந்தது. ஒயர்கள் இழுபடாமல் கூடவே வந்தன. ஒவ்வொன்றிலும் சற்று நீளம் விட்டு வைத்திருந்தாள். ஏன் வீணாக்குகிறாய் என்று அப்போது கேட்டிருந்தேன். "நாளைக்கு ரிப்பேர் பண்றவன் என்னைத் திட்டக் கூடாதுல்ல" என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. புதிய ரிசீவரை அதே தகட்டில் வைத்து இணைத்தேன். சுக்கான் இடமும் வலமும் திரும்பியது. வலது மோட்டார் ஓடியது. இடது மோட்டார் ஓடவில்லை.

செய்யாமல் நிற்பவை:

இடது மோட்டாரின் முனைகளில் படிந்த மஞ்சளைச் சுரண்டி எடுப்பது. அதன் பிறகும் ஓடவில்லையென்றால், அதை மட்டும் மாற்றுவது.

முன்பக்கத்தில் எடை சேர்த்து, தொட்டியில் மிதக்கவிட்டுச் சாய்வு பார்ப்பது.

மேல்தளத்தின் ஓரத்தில் நீர் புகாத ரப்பரை ஒட்டுவது.

மைத்துனரின் பெட்டியில் மீதமுள்ளதைத் திருப்பிக் கொடுப்பது. கொடுக்கும்போது என்ன சொல்வதென்று முடிவு செய்வது.