ஆட்டுப் பாலும் என் விலக்குப் பட்டியலும்

ஓய்வு பெற்ற மறு வருஷம் எனக்குக் கிடைத்த பதவி, ஆறு மாதப் பேத்திக்குப் பகல் நேரப் பொறுப்பாளர். முப்பத்து நான்கு வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவனுக்கு இது ஒன்றும் பெரிய இறக்கமில்லை. அங்கேயும் அழுகிறவர்களைத்தான் கவனித்தேன். என்ன, அங்கே ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் மகள் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். மாப்பிள்ளைக்கு சோமனூரில் தறிப்பட்டறை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆகவே மகள் திரும்ப வேலைக்குப் போன நாளிலிருந்து குழந்தை என் கையில்.

காலையிலும் மாலையிலும் தாய்ப்பால். மதியம் ஒரு மணிக்கு நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வரை நடப்பேன். வாட்ச்மேன் ரூமில் மகள் பால் கொடுப்பாள். இடையில் பசித்தால் பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றித் தருவது என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தவன் நான். இரண்டே வாரத்தில் அது சந்தி சிரித்தது.

ஏற்கெனவே குழந்தையின் கன்னத்தில் லேசாக இருந்த சொறி, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் என்று பரவியது. தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிந்தது. குழந்தைக்குச் சொறியத் தெரியாது. முகத்தை என் தோளில் தேய்க்கும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் தோள்பட்டையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். பக்கத்துத் தெரு டாக்டர் பாக்கெட் பாலை நிறுத்தச் சொல்லி ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

வேறு என்ன பால் தருவது என்பதைச் சொல்ல எங்கள் தெருவில் டாக்டர் தேவைப்படவில்லை. மளிகைக் கடைக்காரர், கேபிள் டிவிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மூவரும் ஒரே தீர்ப்பு: ஆட்டுப் பால். காந்தி குடித்தார், அதனால் குழந்தையும் குடிக்கலாம் என்று கேபிள்காரர் முன்னுதாரணமும் காட்டினார். முன்னுதாரணம் இருந்தால் நான் மறுப்பதில்லை. இலாகாப் பழக்கம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மகள் வேலை பார்க்கும் அதே கம்பெனியில், தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை. வாசலில் இரண்டு வெள்ளாடு வைத்திருந்தாள். நான் போய், ஆட்டுக்கு என்ன வயது, எத்தனையாவது ஈற்று, என்ன தீவனம், மழைக்கு எங்கே கட்டுவாள் என்று வரிசையாக விசாரித்தேன்.

“பால் வாங்க வந்தீயளா, பொண்ணு பாக்க வந்தீயளா அண்ணாச்சி?” என்றாள்.

முதல் நான்கு நாள் பிரமாதம். கன்னத்துச் சிவப்பு மங்கியது. பொருக்கு உதிர்ந்தது. நான் தெருவில் எல்லோரிடமும் ஆட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். களிம்பும் ஆட்டுப் பாலும் ஒரே நாளில் ஆரம்பமாயின என்பதை வசதியாக மறந்துவிட்டேன். ஒரே நாளில் இரண்டு உத்தரவு போட்டுவிட்டு, பலன் எதனால் என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது. இதை அடுத்தவர் கோப்பில் எத்தனையோ முறை சிவப்பு மையில் எழுதியவன் நான்.

ஆறாம் நாள் காலை, பால் குடித்துக் கால் மணி நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கியது. மார்பிலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மகளுக்குப் போன் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். இந்த முறை பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மருத்துவரிடம்.

ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகு அந்த டாக்டரம்மா என்னை உட்கார வைத்தார்.

“ஆட்டுப் பால் கொடுக்கச் சொன்னது யாருங்க சார்?”

“பொதுக் கருத்துங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. “ஆடும் மாடும் பங்காளிங்க சார். பால்ல இருக்கிற புரதம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பசும்பால் ஒத்துக்காத குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆட்டுப் பாலும் ஒத்துக்காது. அதுவும் இல்லாம, ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு வேண்டிய சத்தெல்லாம் அதுல இல்ல. இனிமே கண்டிப்பா வேண்டாம். நடுவுல பசிச்சா சாதம், பருப்பு மசிச்சுக் கொடுங்க.”

அதற்குள் மகள் வந்து சேர்ந்திருந்தாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “நான் சாப்பிடற பால் தாய்ப்பால்ல போகுங்களா டாக்டர்?”

“கொஞ்சம் போகும். நீங்க பால் சம்பந்தப்பட்ட எதையும் தொடாம இருங்க. கால்சியம் மாத்திரை எழுதறேன். மூணு வாரம் பாப்போம். அப்பவும் குறையலைன்னா தாய்ப்பாலை நிறுத்திட்டு, இதுக்குன்னு இருக்கிற பவுடருக்கு மாத்த வேண்டி வரலாம்.”

ஆட்டோவில் மகள் குழந்தையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “என்ர பாலே புள்ளைக்கு ஆகாதாங்கப்பா?”

அது அவளாகக் கேட்ட கேள்வி அல்ல. ஒரு மாதமாகவே வந்து பார்த்த உறவுக்காரர்களெல்லாம் ‘தாய்ப்பால் ஆகலை போல, நிறுத்திப் பாரு கண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. குழந்தையின் தோலும் அவள் தாய்ப்பாலும் ஒரே மூன்று வாரக் கெடுவில் மாட்டிக்கொண்டன.

கெடு என்றால் எனக்குத் தெரியும். அன்றே ஒரு விலக்குப் பட்டியல் தயாரித்தேன். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், பால்கோவா, ஐஸ்கிரீம், பால் பவுடர் சேர்ந்த பிஸ்கட், ரொட்டி; எருமைப் பாலும் ஆட்டுப் பாலும் தனித் தலைப்பில். மூன்று பிரதி. ஒன்று பிரிட்ஜ் கதவில், ஒன்று அடுப்படியில், ஒன்று மகளின் கைப்பையில். வீட்டுக்குப் பால் பாக்கெட் வருவதையே நிறுத்தினேன். நான் வரக்காப்பிக்கு மாறினேன்.

“மாமா, எனக்கும் தயிர் இல்லீங்களா?” என்றார் மாப்பிள்ளை.

“அரசாணை பொதுவானதுங்க மாப்பிள்ளை.”

அவர் சோமனூர் மெஸ்ஸில் இரண்டு கப் தயிர் வாங்கிச் சாப்பிட்டதாகப் பின்னால் தெரிந்தது. அது என் எல்லைக்கு வெளியே நடந்த சம்பவம் என்பதால் நடவடிக்கை எடுக்கவில்லை.

இரண்டு வாரம் போனது. தோல் அப்படியே இருந்தது. களிம்பு போட்டால் இரண்டு நாள் அடங்கும். மூன்றாம் நாள் மறுபடியும் சிவக்கும். பட்டியலை நான்கு முறை சரிபார்த்தேன். பிஸ்கட் உறையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பட்டியலில் குற்றமில்லை என்று முடிவானதால், குற்றம் வேறெங்கோ இருக்க வேண்டும். கம்பெனிப் பஞ்சுத் தூசியைச் சந்தேகித்து, மகளைக் குளித்து உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொட விட்டேன். சாயத்தைச் சந்தேகித்து, குழந்தையின் பனியன் துணிகளை மூன்று தண்ணீரில் அலசினேன். துணி சோப்பை மாற்றினேன். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மோர் இல்லாத சோற்றை ரசத்தோடு முடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். வற்றிக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள்.

“என்ன அண்ணாச்சி, பால் வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எங்க ஆட்டுப் பாலக் குடிச்சுத்தான் புள்ளைக்குத் தடிச்சுதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுதீயளாம்?”

“ஏம்மா, டாக்டரே சொல்லியாச்சு. ஆட்டுப் பாலும் ஆகாது, மாட்டுப் பாலும் ஆகாது. தாயும் பால் தொடக் கூடாது. பாரு” என்று பிரிட்ஜ் கதவைக் காட்டினேன்.

அவள் உள்ளே வந்து பட்டியலை மேலிருந்து கீழாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“வாயில்லாச் சீவன் மேல பழி போடுதது லேசு. ஒங்க மக தெனமும் பதினோரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, கம்பெனில எங்ககூட நின்னு டீ குடிக்காளே, அது என்ன தண்ணியா?”

நான் மகளைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள்.

“டீ பாலுங்களாப்பா?” என்றாள். கேட்டு முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். எங்கள் பனியன் ஊரில் டீ என்பது பாலில் சேர்ந்ததல்ல, மணியில் சேர்ந்தது. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் மெஷின்கள் நிற்கும், கேன் வரும், டம்ளர்கள் நீளும். ஷிப்மென்ட் தவறலாம், டீ தவறாது. விரதம் இருப்பவர் டீ குடித்தால் விரதம் முறியாது. ‘காலையிலிருந்து ஒண்ணுமே சாப்பிடலீங்க’ என்று சொல்கிறவர் மூன்று டீ குடித்திருப்பார். பட்டினி கிடப்பது போல மோரை விட்டு, தயிரை விட்டு, ஒரு துளி நெய்கூடத் தொடாமல் இருந்த என் மகள், தினம் இரண்டு டம்ளர் கெட்டிப் பால் டீயை மனச்சாட்சி உறுத்தாமல் குடித்துவந்திருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை. அவள் பட்டியலைப் பின்பற்றினாள். பட்டியலில் டீ இல்லை. எழுதியது யார் என்பதை ஆட்டுக்காரி கேட்கவில்லை. கேட்காமலே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொல்லிக் கெடு நீட்டிப்புக் கேட்டேன். இந்த முறை அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இன்னும் நாலு வாரம் எடுத்துக்கங்க சார்” என்றார். விண்ணப்பம் எழுதாமல், முத்திரைவில்லை ஒட்டாமல் நான் வாங்கிய ஒரே கால நீட்டிப்பு அதுதான்.

கம்பெனி டீக்காரர் மகளுக்கென்று பாலில்லாத வரட்டீ தனி பிளாஸ்க்கில் கொண்டுவர ஆரம்பித்தார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரத்தில் கழுத்து மடிப்பில் கசிவு நின்றது. அதன் பிறகு ஒருநாள் என் சட்டைத் தோளில் எச்சில் மட்டுமே இருந்தது. எச்சிலைப் பார்த்து நான் அப்படிச் சந்தோஷப்பட்டது கிடையாது. நான்காம் வாரம் முழங்கால் மடிப்பு வழவழவென்று இருந்தது. களிம்பு போடாத நாட்கள் ஐந்து, பத்து என்று நீண்டன. கன்னத்தில் முத்தம் கொடுத்தால் குழந்தை சிரித்தாள். அதுவரை கன்னத்தைத் தொட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மருத்துவர் ஒரு படி மேலே போனார். உறுதி செய்துகொள்ள, மகளை மட்டும் சில நாள் பழையபடி பால் டீ குடிக்கச் சொன்னார். மகளுக்கு மனமில்லை. “சந்தேகத்துக்கு இடமில்லாம முடிக்கோணும் சாமி” என்று நான்தான் சம்மதிக்க வைத்தேன். மூன்றாம் நாள் முழங்கை மடிப்பில் சிவப்பு எட்டிப் பார்த்தது. டீயை நிறுத்தினோம், சிவப்பு போனது. ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு பலன். என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமான விசாரணை அறிக்கையை நான் பார்த்ததில்லை.

மருத்துவர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்மா. பால் சேர்க்காம நீங்க இருக்கிற வரைக்கும் தாராளமா கொடுங்க” என்றார். மகள் அங்கேயே அழுதாள். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்தது. பஞ்சுத் தூசியாக இருக்கலாம்.

ஆட்டுக்காரிக்கு நன்றி சொல்ல நேரில் போனேன்.

“அப்போ எங்க ஆட்டு மேல குத்தமில்லன்னு ஒத்துக்கிடுதீயளா?”

“ஆட்டுப் பாலும் அந்தப் புள்ளைக்கு ஆகாதும்மா. அது வேற. நீ சொன்னது சரி. அது வேற.”

“ஆபீசர் புத்தி போகாது ஒமக்கு” என்றாள். ஆனாலும் உட்காரச் சொல்லி, வரட்டீ போட்டுக் கொடுத்தாள்.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ‘நிறுத்திப் பாரு’ என்று யோசனை சொன்ன உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் பந்தலில் இருந்தார்கள். குழந்தை கை கால் தெரிகிற சின்ன கவுனில் மடிக்கு மடி தாவிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியம்மா அவள் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி சொன்னார்: “பாத்தியா கண்ணு, தாய்ப்பால நிறுத்தினதும் மேலு எப்படி மினுமினுங்குது!”

மகள் குழந்தையை வாங்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அங்கேயே, அத்தனை பேருக்கும் நடுவில், பால் கொடுக்க உட்கார்ந்தாள்.

“அதை நிறுத்துலீங்க பெரியம்மா. டீயைத்தான் நிறுத்துனேன்.”