கொட்டாவி அக்கா

பதினோரு ஆண்டுகளாக அவள் வேலையில் பாதி, கொட்டாவி விடுவது. பிராணவாயு சிகிச்சைப் பிரிவில், ஓர் ஆள் படுக்கும் அளவுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். பெரியவர்களிடம் எச்சில் விழுங்கச் சொன்னால் போதும். குழந்தைகளுக்கு அவள் கண்ணாடியருகே முகத்தை வைத்து வாயைப் பிளப்பாள். உள்ளே குழந்தையும் பிளக்கும், காது திறந்துகொள்ளும். எல்லோருக்கும் அவள் கொட்டாவி அக்கா.

வீட்டில் படுத்தால் கொட்டாவியும் வராது, தூக்கமும் வராது. "எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டு வந்துடுறே," என்பான் கணவன். அவளுக்குச் சிரிப்பும் வருவதில்லை.

அன்று வந்தது ஆறு வயதுச் சிறுமி. நாய் கடித்துக் குதறிய கன்னத்தில் கழுத்துத் தோலைத் திருப்பிவைத்துத் தைத்திருந்தார்கள். ஓரம் கறுத்துக்கொண்டிருந்தது. அழுத்தப் பிராணவாயுவில் ரத்த ஓட்டம் பிடிக்காவிட்டால் மறுபடி கத்திதான்.

"அந்தத் தோலு பொழைச்சுக்குமாம்மா?" என்றாள் சிறுமியின் தாய்.

"டாக்டர்தான் சொல்லணும்," என்றாள் அவள், சிறுமியின் பருத்திச் சட்டைப் பையில் தீப்பற்றக்கூடியது ஏதும் இருக்கிறதா என்று தடவியபடி.

அழுத்தம் ஏறத் தொடங்கியதும் சிறுமி காதைப் பொத்தினாள். இவள் பழக்கத்தில் வாயைப் பிளந்தாள். பிளந்த பிறகுதான் கன்னம் நினைவுக்கு வந்தது. அதற்குள் சிறுமியும் பிளந்துவிட்டாள். ஒலிபெருக்கியில் அலறல்.

அழுத்தத்தை இறக்கி வெளியே எடுத்தாள்.

"எம்புள்ளைய என்ன பண்ணீங்க?"

"கொட்டாவி விட்டேன்."

அறுவை மருத்துவர் ஓடிவந்தார். "வாயை அகலத் திறக்க வைக்கக் கூடாதுன்னு சீட்டுல கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன், கண்ணை எங்க வெச்சிருந்தே?"

ஒரு தையல் இழுபட்டு, கறுத்த ஓரத்தில் கடுகளவு ரத்தம் நின்றது. துடைத்தார். மறுபடி ஊறியது, நல்ல சிவப்பாக. திட்டு பாதியில் நின்றது.

"செத்த தோல்ல ரத்தம் இப்படி வராதும்மா. இன்னும் உயிர் இருக்கு," என்றார் தாயிடம். பிறகு இவள் பக்கம் திரும்பி, "ஒரு தையல் போட்டு அனுப்புறேன். இன்னிக்கே உள்ள வை. நீ வாயை மூடிக்கிட்டு."

தாய் அழுதுகொண்டே இவள் கையைப் பற்றினாள். யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள் இவள். பிறகு பதிவேட்டில் 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மதியம் சிறுமி திரும்பி வந்தாள். இவள் கையில் ஒரு டம்ளர் தண்ணீர். கண்ணாடிக்கு வெளியே ஒரு மடக்கு விழுங்கினாள். உள்ளே சிறுமி எச்சில் விழுங்கினாள்.

"கொட்டாவி விட மாட்டீங்களா அக்கா?"

"மாட்டேன்."

அடுத்த மடக்கு.