நான் வீட்டுக்காரியான கதை

பாடசாலையில் நான் படிப்பிப்பது வணிகக்கல்வி. முதலீடு என்றால் என்ன, அதன் அனுகூலங்கள் யாவை என்று பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்தவள். பிரதிகூலங்களையும் எழுதியிருக்கிறேன். பரீட்சையில் அவை வருவது குறைவு என்பதால் சீக்கிரம் அழித்துவிடுவேன்.

இப்படிப்பட்ட அறிவாளிக்கு, வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீடு வாங்கும் யோசனையைத் தந்தவர் கனடாவில் இருக்கும் என் அண்ணை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வந்து வகுப்பெடுப்பார்.

"நீ நித்திரை கொள்ளேக்கையும் காசு வரும், தெரியுமே? வாடகைக்கு இருக்கிறவன் உன்ரை கடனைக் கட்டுவான். நீ சும்மா இருந்தால் காணும்."

சும்மா இருக்க எனக்கு நெடுநாள் ஆசை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்க்கும் என் கணவருக்கோ அதில் முன்னனுபவமே இருந்தது. இருவரும் சம்மதித்தோம்.

வீட்டைக் காட்டிய தரகர் ஒரு கவிஞர். கொழும்புத்துறையில் ஒரு ஒழுங்கையின் முடிவில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டை "கடல் பார்த்த வீடு" என்றார். கடலைப் பார்க்கக் கூரையில் ஏறவேண்டும். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு என்பதைப் பற்றிக் கேட்டபோது, "உடம்புக்கு நல்லது" என்றார். வாங்கிவிட்டோம்.

என் நகைகள் அடகுக்குப் போயின. மிச்சத்துக்கு வங்கிக் கடன். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் பிணைக்கு நிற்க வேண்டும் என்றார்கள். என்னோடு படிப்பிக்கும் இரண்டு ஆசிரியைகள் கையெழுத்திட்டார்கள். அன்று தொடக்கம் என் உடல்நலத்தில் அவர்கள் காட்டிய அக்கறையை என்னைப் பெற்றவள்கூடக் காட்டியதில்லை. நான் ஒரு முறை இருமினால் இரண்டு பக்கத்திலிருந்தும் இஞ்சித் தேநீர் வந்தது. கடன் பத்திரத்தில் "மாறும் வட்டி" என்று ஒரு வரி இருந்தது. மாறினால் குறையத்தானே செய்யும் என்று நானாகவே தீர்மானித்துக் கையெழுத்து வைத்தேன்.

வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு பகுதியாக்கினோம். ஆளுக்கொரு குசினி, ஆளுக்கொரு மலசலகூடம். மலக்குழியும் கிணறும் மட்டும் பொது. முன்பக்கத்துத் தகர வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினேன். பெரிய கேற்றுக்கு விலை அதிகம் என்பதால் மோட்டார் சைக்கிள் மட்டும் நுழையும் அளவில் அழகான சிறிய கேற் ஒன்று போட்டேன். மேசன் ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை. வீட்டுக்காரி என்றால் உறுதியாக நிற்க வேண்டும் என்று அண்ணை சொல்லியிருந்தார்.

முதல் பகுதிக்கு, படகு எஞ்சின் திருத்தும் ஒருவர் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்தார். எண்ணெய் பிரளாத அவர் கைகளை நான் கண்டதில்லை. இரண்டாம் பகுதிக்கு ஒரு கணித ஆசிரியர். தனியாள். "சத்தம் சந்தடி இல்லாத பிள்ளை" என்றார் தரகர்.

மூன்றாம் மாதம் எஞ்சின்காரர் போன் எடுத்தார்.

"ரீச்சர், குழி நிரம்பிட்டுது. ஒருக்கா வாங்கோ."

"அதெப்பிடி அண்ணை அதுக்குள்ளை நிரம்பும்? நீங்கள் நாலு பேர், அவர் ஒரு ஆள்."

"வந்து பாருங்கோவன்."

போனேன். சத்தம் சந்தடி இல்லாத பிள்ளையின் வாசலில் நாற்பது சோடிச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பிள்ளைகள் இருக்க நீள வாங்குகள் போட்டு ரியூசன் நடந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு வகுப்பு, பின்னேரம் இரண்டு வகுப்பு. அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே மலசலகூடம்.

குழியை உறிஞ்சும் பவுசர் வண்டியைக் கூப்பிட்டோம். அது வந்து என் அழகான கேற்றுக்கு முன்னால் நின்றது. உள்ளே வர வழியில்லை. அதன் குழாயும் குழிவரை எட்டவில்லை. சாரதி கேற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உதை ஆர் கட்டினது?"

நான் கடற்கரைப் பக்கம் பார்த்தேன். எஞ்சின்காரர்தான் என்னைக் காப்பாற்றினார். "ரீச்சர், ஓம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். ஓம் என்றேன். பெரிய சுத்தியலால் மதிலில் ஒரு பக்கத்தை இடித்து வழி எடுத்தார். பவுசர் வந்து தன் வேலையை முடித்தது. மாத முடிவில் கணித ஆசிரியர் தன் வாங்குகளோடு புறப்பட்டுப் போனார். சுகாதார வசதி போதாதாம்.

அந்தப் பகுதி வெறுமையாகக் கிடந்த காலத்தில்தான் நாடே கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வட்டி மாறியிருந்தது, நான் தீர்மானித்த பக்கத்துக்கு அல்ல. தவணைத் தொகையைப் பார்த்துவிட்டு, அது எங்கள் கணக்கிலக்கமாக இருக்கும் என்று என் கணவர் கொஞ்ச நேரம் நம்பினார். நித்திரை கொள்ளும்போது காசு போய்க்கொண்டிருந்தது. நித்திரை மட்டும் வரவில்லை.

வாடகையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவெடுத்தோம். கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு நாள் பேசிப் பழகினேன். பணவீக்கம் பற்றி ஒரு பந்தி, வீட்டுக்காரரின் சிரமம் பற்றி ஒரு பந்தி. சனிக்கிழமை போனபோது எஞ்சின்காரர் வேப்பமரத்தின் கீழ் சும்மா குந்தியிருந்தார். அவர் கைகள் சுத்தமாக இருந்தன. அதைக் கண்டதுமே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

"அண்ணை, ஒரு விசயம் கதைக்க வேணும்."

"நானும் உங்களோடை கதைக்க வேணும் எண்டுதான் இருந்தனான், ரீச்சர். மண்ணெண்ணெய் இல்லை. போட் ஒண்டும் கடலுக்குப் போகேல்லை. ஓடாத எஞ்சின் பழுதாகுமே? பழுதாகாட்டி எனக்கென்ன வேலை? வாடகையிலை பாதியைக் குறைச்சு விடுங்கோ. கடல் தொழில் தொடங்கினாப் பிறகு மிச்சத்தைத் தாறன். ஏலாதெண்டால் அதையும் சொல்லுங்கோ. மனிசியின்ரை தேப்பன் வீட்டை போறம்."

அவருடைய இளைய மகள் வாசலில் உட்கார்ந்து கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். என் இரண்டு பந்திகளும் எங்கே போயினவோ தெரியவில்லை. ஓம் என்றேன். அவர் மனைவி தேத்தண்ணி தந்தார். சீனி இல்லாத காலத்தில் அதில் சீனி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"எவ்வளவு கூட்டினீர்?"

"பாதி."

"பாதி கூட்டினீரோ? நீர் கெட்டிக்காரிதான்."

"பாதி குறைச்சனான்."

அன்று மத்தியானம் வரை இவர் வரவையும் செலவையும் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு கடதாசியோடு வந்து உட்கார்ந்தார். கோண்டாவிலில் நாங்கள் இருக்கும் சொந்த வீட்டுக்கு மூன்று அறை, நல்ல தண்ணீர், மாமரம். வெளிநாட்டிலிருந்து வந்து தங்குபவர்கள் அப்படிப்பட்ட வீட்டுக்கு என்ன வாடகையும் கொடுப்பார்கள். கொழும்புத்துறையில் ஒரு பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. இவ்வளவும் அந்தக் கடதாசியில் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. வீட்டை வாங்கிய நாள் தொடக்கம் அதற்கு ஒரு நல்ல குடித்தனக்காரரைத் தேடினோம். கடைசியில் கிடைத்தவர்கள் நாங்கள்தான்.

எங்கள் வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தம்பதி வந்தார்கள். எங்கள் சாமான்களை எஞ்சின்காரர்தான் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று பிடித்து ஏற்றி இறக்கித் தந்தார். வாடகையைக் குறைத்ததற்குச் சொல்லாமல் சொன்ன நன்றியாக்கும் என்று நினைத்தேன். முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமேல் குழியைப் பற்றிப் போனிலை சொல்லத் தேவையில்லை, ரீச்சர்" என்றார்.

அவர் மனைவி எங்களுக்கு வீட்டு ஒழுங்குகளை விளங்கப்படுத்தினார். காலையில் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை கிணற்றுத் தண்ணீர் மோட்டர் அவர்களுக்கு. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் எங்களுக்கு. உரிமையாளர் என்ற முறையில் நான் ஆட்சேபித்திருக்கலாம். ஆனால் மோட்டரைத் திருத்தத் தெரிந்தவர் அவருடைய கணவர். மின்சார பில் கொண்டுவந்த இளைஞர் ஒருநாள் முற்றத்தில் நின்று, வீட்டுக்காரர் யார் என்று கேட்டார். "அந்தா, ரீச்சர்தான்" என்று எஞ்சின்காரர் என்னைக் காட்டினார். நான் கிணற்றடியில் கணவரின் சாரத்தைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். இளைஞர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு பில்லை எஞ்சின்காரரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மண்ணெண்ணெய் வந்தது, படகுகள் இறங்கின. எஞ்சின்காரரின் கை மறுபடியும் கறுத்தது. ஒரு பின்னேரம் கடித உறை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். குறைத்த பாதிகள் எல்லாம் அதற்குள் இருந்தன. நான் கேட்கவுமில்லை, எதிர்பார்க்கவுமில்லை. "அவசரமில்லையே அண்ணை" என்றேன். அடுத்த நாள் வங்கியில் தவணைக்கு அவசரம் இருந்தது, அது வேறு விசயம். கணவர் அந்த உறையை வாங்கி எண்ணாமல் அலுமாரிக்குள் வைத்தார். எதையும் எண்ணாமல் வைக்கும் மனிதரல்ல அவர்.

வட்டியும் மெல்ல இறங்கியது. நாங்கள் திரும்பிப் போகலாம் என்று நினைத்த வேளையில், யாழ்ப்பாணத்துக் காற்று முழங்காலுக்கு நல்லது என்று ரொறன்ரோத் தம்பதி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். இப்போது என் சொந்த வீட்டுக்கு நான் போன் பண்ணி நேரம் கேட்டுத்தான் போகிறேன். போன கிழமையும் போனேன். என்னை இருத்தி ஜூஸ் தந்தார்கள். மாமர இலைகள் முற்றத்தில் விழுவதாக அந்த அம்மா முறையிட்டார். மண்டபம் இருட்டாக இருக்கிறது, இன்னொரு யன்னல் வேண்டும் என்றார் ஐயா.

"வீட்டுக்காரி எண்டால் உதுகளையும் பாக்கத்தானே வேணும், பிள்ளை."

"ஓம் ஐயா, பாக்கிறன்" என்று சொல்லி யன்னலின் அளவைக் குறித்துக்கொண்டு வந்தேன். எஞ்சின்காரரிடம் கேட்டபோது, சுவரை உடைக்கத் தான் வருவதாகச் சொன்னார். மதிலை இடித்தபோது போல இந்த முறை வெறும் ஓம் காணாது, எந்தச் சுவர் என்று வடிவாகக் காட்டவேண்டும் என்றார்.