நாலு தட்டு, ஒரு மூச்சு

கைலாசபுரம் மைதானத்தில் நானும் என் தோழியும் ஆறு வருடம் ஒரே வாலிபால் அணியில் ஆடினோம். சர்வீஸ் போடும் முன் அவள் பந்தை நாலு முறை தரையில் தட்டுவாள். மூன்று வேகமாக, நாலாவது சற்று நின்று. பிறகு வலது கையை இடது தோளில் துடைத்துக்கொண்டு வாயால் மெல்ல மூச்சு விடுவாள். அப்புறம்தான் பந்து மேலே போகும். எனக்கு அப்படியொரு பழக்கம் கிடையாது. விசில் கேட்டதும் அடித்துவிடுவேன். "அவசரப்படாதடி, பந்து எங்கயும் ஓடிடாது" என்பாள்.

கல்லூரி இரண்டாம் வருடம் காய்ச்சலில் படுத்தவள், ஐந்தாம் நாள் இறந்துபோனாள்.

இரண்டு மாதம் கழித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு போட்டி. கடைசி செட்டில் சர்வீஸ் போட பந்து என் கைக்கு வந்தது. தொடர்ந்து ஐந்து புள்ளிகள் எடுத்தேன், ஜெயித்தோம். தண்ணீர்க் குழாயடியில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

"அவ மாதிரியே தட்டுறியேம்மா" என்றார்.

"நானா ஆன்ட்டி?"

"மூணு வேகமா, நாலாவது நின்னு. தோள்ல கையைத் தொடச்ச. அதுக்கப்புறம் நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுட்டே இருந்தேன்."

எனக்கு எதுவும் நினைவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை கைகளைத் தொடைக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த போட்டியில், தட்டக் கூடாது என்று பந்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். விசில் ஊதி எட்டு விநாடி கடந்தும் கை எழவில்லை. நடுவர் பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். அதற்கடுத்த முறையும் அப்படியே.

கடைசியில் அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"அவளுக்கு ரொம்ப பயம்மா" என்றார் அவள் அம்மா. "ஒவ்வொரு மேட்ச் காலையிலயும் வாந்தி எடுப்பா. கை நடுங்குறது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அந்தத் தட்டு."

ஆறு வருடம் பக்கத்தில் நின்றவள் நான். நிதானம் என்றே நினைத்திருந்தேன்.

பயிற்சியாளரிடம் கேட்டு லிபரோவாக மாறினேன். பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பவர் அவர்; எங்கள் போட்டிகளில் சர்வீஸ் போட வேண்டியதில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடத்தில்தான் ஆடுகிறேன்.

போன மாதம் எதிரணியில் ஒரு பெண் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னும் காது மடலைத் தொட்டுக்கொண்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பந்து என் மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது. ஆட்டம் முடிந்ததும் அவளிடம் பேசலாம் என்று வெளியே வந்தேன். அவள் ஸ்கூட்டர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.