குளத்தில் பார்த்த மாப்பிள்ளை

என் உயரத்தை அம்மா ஒரு நாளும் மன்னித்ததில்லை. பதினெட்டு வயதில் நான் அப்பாவின் காதைத் தாண்டிவிட்டேன். அதற்குள் இரண்டு முறை பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு முறையும் எங்கள் வீட்டுக் கேசரியும் வடையும் தீர்ந்தன. இரண்டு முறையும் "பொண்ணு கொஞ்சம் ஒசரமுங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வந்தவர்களை நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன், கால் விரல்களை மட்டும். தலை நிமிரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஒருவருக்குப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. இன்னொருவர் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். மற்றபடி அவர்களுக்கு முகம் இருந்ததா என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

மூன்றாவது வரன் ஆலங்குடியிலிருந்து வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். நான் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவ நானும் மொகத்தப் பாக்கணும்ப்பா. எனக்குப் பிடிச்சாத்தான்."

அப்பா புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பிரித்துப் பார்க்காமல் யாரும் புடவை வாங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும். "நாயந்தானே. நீ தலைய ஆட்டுனாத்தான் நான் வாக்குக் குடுப்பேன்" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை. நின்றால்தானே உயரம் தெரியும்? பெண்ணை உட்காரவைத்தே காட்டி, உட்காரவைத்தே முடித்துவிட ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் ஊரிலேயே இருப்பது ஞாபகம் வந்தபோது அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த வருஷம் நல்ல மழை. புதுக்குளம் கரை தளும்பிக் கிடந்தது. குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். துடுப்புப் போட அங்கிருந்தே ஓர் ஆளையும் கூட்டி வந்தார். பொங்கலுக்கு ஜனங்களைக் குளத்தைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. படகைக் காலண்டர் படத்தில் பார்த்தவர்கள்தான் அதிகம். கூட்டம் நெரிந்தது. ஆனால் குளத்துக்குள் போனால் பார்க்க என்ன இருக்கிறது? துவைக்கிற கல், எருமை, வீடுகளின் கொல்லைப்புறம், அவ்வளவுதான். அதனால் குத்தகைக்காரர் ஒரு பபூனையும் படகில் ஏற்றினார். ஸ்பெஷல் நாடகங்களில் மேடைக்கு முதலில் வந்து சிரிக்கவைப்பவர் அவர். கோயில் திருவிழாக்கள் தொடங்கும் வரை நாடகம் கிடையாது, ஆள் சும்மாதான் இருந்தார். முன்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பனை விசிறியையும் ஒரு துண்டையும் வைத்துக்கொண்டு ஊரை விளக்குவதுதான் அவருக்கு வேலை.

காணும் பொங்கலன்று சாயங்காலம் போவதாகப் பேச்சு. இரண்டு வீட்டாரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி படகில் ஏற வேண்டும். ஒத்துவராவிட்டால் பெண் பார்த்ததாகவே ஆகாது, யாருக்கும் தலைகுனிவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெரியாத மாதிரி இருக்கிறவர்களில் மாப்பிள்ளை யார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அவரை நேரில் பார்த்திருந்தவர் அப்பா ஒருவர்தான். அவருக்குத் தண்ணீரைக் கண்டால் தலை சுற்றும், கரையிலேயே நின்றுவிட்டார். அம்மாவிடம் கேட்டேன். "வெள்ளச் சட்ட போட்டிருப்பாராம்" என்றாள். அன்றைக்குப் புதுக்கோட்டையில் வெள்ளைச் சட்டை போடாத ஆணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லோருக்கும் முன்னால் அம்மா என்னை ஏற்றி, பின்பலகையில் அழுத்தி உட்காரவைத்தாள். எதிரே ஆண்கள். குடை வைத்திருந்த ஒரு பெரியவர், தள்ளி உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரைப் பார்த்து, "மாப்பிள்ளை, அங்கிட்டு வெயிலு அடிக்கிது, இங்கிட்டு வந்து உக்காருங்க" என்றார்.

என் தலை தானாக நிமிர்ந்தது. பெரியவர் தாய்மாமனாக இருக்கும், மருமகனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். தாய்மாமன் எதற்கு "உக்காருங்க" என்று மரியாதை போடுகிறார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அந்த மாப்பிள்ளை சுருட்டை முடியும் நல்ல பல்வரிசையுமாக இருந்தார். பபூன் வாயைத் திறக்குமுன்பே சிரித்தார். நான் பார்த்தேன். இரண்டு வரன்களுக்கும் சேர்த்துவைத்துப் பார்த்தேன்.

படகு நகர்ந்தது. பபூன் விசிறியை நீட்டினார்.

"ஐயாமாரே, ஆத்தாமாரே, வலது கைப் பக்கம் தெரியிறது எருமை. நீங்க அதப் பாக்க வந்திருக்கீங்கன்னு நெனக்கிறீங்க. அது ஒங்களப் பாக்க வந்திருக்கு. டிக்கெட் இல்லாம வந்திருக்கு."

பிறகு துண்டைத் தலையில் கட்டினால் மாமனார், அவிழ்த்தால் மருமகன் என்று முகத்தை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பி, இரண்டு குரலில் ஒரு கதையைத் தொடங்கினார். எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் கடற்கரை ஊரில் பெண் கேட்டுப் போகிறான்.

"தம்பிக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியுமாவா? எங்க ஊருக் கம்மாயில வந்து கேட்டுப் பாருங்க மாமா!"

"கம்மாயில தண்ணி கெடக்கா?"

"கெடந்தா நான் ஏன் மாமா இம்புட்டுத் தூரம் பொண்ணு கேட்டு வாரேன்?"

படகே ஆடியது. துடுப்புப் போட்ட கடற்கரைக்காரர்தான் அதிகமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பபூன், "சரி, இந்தக் கப்பல்ல நீச்சல் தெரிஞ்சவுகள்லாம் கையத் தூக்குங்க பாப்போம்" என்றார். எதிரே இருந்த அத்தனை ஆண்களும் கையைத் தூக்கினார்கள். குடைக்காரப் பெரியவர் குடையோடு தூக்கினார். என் மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கினார். ஒரே ஓர் ஆள் தூக்கவில்லை. ஓரத்தில் கட்டை குட்டையாக ஒருவர், படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க ஏன் தூக்கல?" என்றார் பபூன்.

"ரெண்டு கையும் வேலையா இருக்குங்க" என்றார் அவர்.

பபூன் விசிறியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படிச் சிரிக்கலாமா? அம்மா தொடையில் கிள்ளினாள். யாரோ ஓர் ஆள் சொன்னதற்குத்தானே சிரித்தேன், அதில் என்ன வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் சுருட்டை முடியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

படகு கரையை நெருங்கியபோது அம்மா காதோரம், "என்னடி?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அம்மா கரையிலிருந்த அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினாள். குடைக்காரப் பெரியவர் இறங்கியதும் அப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு அவரிடம் போனார். இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். பேச்சு முடிந்தது.

கரையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். என் மாப்பிள்ளை இறங்கி அவளிடம் போனார். குழந்தை அவர்மேல் தாவியது. "அப்பாவக் கண்டதும் தாவுறதப் பாரு!" என்று அவள் சிரித்தாள். பெரியவர் படகுப் பக்கம் திரும்பி, "டேய் தம்பி, ஒன்னயப் பாக்கத்தான பொண்ணு வீட்டுக்காரவுக நிக்கிறாக, எறங்குடா!" என்று சத்தம் போட்டார். படகில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அவர் இன்னும் விளிம்பை விடவில்லை.

பெரியவர் தாய்மாமன் இல்லை, வாத்தியாரின் அப்பா. மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது தன் மகளின் புருஷனை. தமிழில் இந்த ஒரு சொல்லை எத்தனை பேருக்குத்தான் பங்குபோட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம்!

வீட்டுக்கு வந்து கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய முகத்தை நான் பார்க்கவே இல்லை, வேறு யாருடைய புருஷனையோ பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டேன். அப்பாவிடம் சொன்னால் வாக்கைத் திருப்பி வாங்கிவிடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லத்தான் எழுந்தேன். "ரெண்டு கையும் வேலையா இருக்குங்க" ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். அத்தனை ஆண்களும் பொய்க்குக் கை தூக்கியபோது தூக்காத ஒருவர். மறுநாள் மாவாட்டும்போதும் ஞாபகம் வந்தது, மறுபடியும் சிரித்தேன். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வைகாசியில் கல்யாணம். மாலை மாற்றும்போது நான் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். சுருட்டை முடிக்காரர் எனக்கு நாத்தனார் புருஷன், அதாவது அண்ணன் முறை. எங்கே கண்டாலும் "வாங்கண்ணே" என்று நான்தான் முதலில் கூப்பிடுவேன், கொஞ்சம் அவசரமாகவே.

நாலைந்து வருஷம் கழித்து, ஆலங்குடியில் பலாப்பழம் வந்து குவிகிற மாதம், அந்தச் சுருட்டை முடி அண்ணன் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார். பந்தியில் எல்லோருக்கும் நான்தான் பரிமாறினேன். மாமனார், "மாப்பிள்ளைக்குக் கொழம்பு ஊத்தும்மா" என்றார். நான் கரண்டியோடு நகர்ந்தபோது, பக்கத்து இலையிலிருந்து என் வீட்டுக்காரர் எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "எந்த மாப்பிள்ளைக்குன்னு பாத்து ஊத்து" என்றார்.

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் பஸ் ஏறியதும் கேட்டேன். அவர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். தூங்கிப்போன பெரியவன் ஒரு தோளில், சின்னவள் மறு கையில்.

"எப்பத் தெரியும்?"

"படகுலயே தெரியும். அப்பா மாப்பிள்ளைன்னாரு, ஒந்தல நிமிந்துச்சு. பெறகு கரைக்கு வர்ற வரைக்கும் எறங்கலயே."

"தெரிஞ்சுமா சரின்னீங்க?"

"மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கிட்ட ஆளையே அப்புடிப் பாக்குற பொண்ணு, ஒரு நா என்னயவும் அப்புடிப் பாக்காமலா போயிரும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷமும் அந்த மனிதர் அதைக் கேட்காமல் காத்திருந்திருக்கிறார். அழுதால் கேலி செய்வார் என்று நானே முந்திக்கொண்டேன்.

"சரி, பாத்தனா இல்லையா? பாத்திருந்தாக் கையத் தூக்குங்க."

"எப்புடித் தூக்குறது? ரெண்டு கையும் வேலையா இருக்கு."

நான் போய்ச் சின்னவளை வாங்கிக்கொண்டேன். அவர் கையைத் தூக்கினார்.