எட்டு எண்ணும்வரை

முத்துச்செல்வி செய்த கேமராவை முதலில் பார்த்தபோது அது கேமரா என்று எனக்குத் தெரியவில்லை. தையல் மெஷினின் மரமூடியில் எதற்கு ஆட்டோ சீட்டு ரெக்சினைத் தைத்திருக்கிறாய், மழைக்கா என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் பெட்டியைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தது.

அண்ணா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவள் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். நான் அங்கே வினாத்தாள் நகலெடுக்கப் போகிற டீச்சர். கடையின் பழைய மெஷின் செத்துப்போனதும் முதலாளி அதை எடைக்குப் போடச் சொல்லியிருக்கிறார். இவள் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து லென்ஸைக் கழற்றிக்கொண்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்றாராம். "ஆம்பளையா இருந்தா எதுக்குன்னு கேப்பீகளா?" என்று இவள் திருப்பிக் கேட்க, மனிதர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மற்றதெல்லாமும் பொறுக்கிச் சேர்த்ததுதான். ஸ்கேன் சென்டர் ஒன்றில் தூக்கிப்போட இருந்த எக்ஸ்ரே பிலிம் ஒரு பெட்டி கிடைத்தது. ரெக்சினைத் தைத்த ஊசி ஓட்டைகளில் வெளிச்சம் கசிந்தது. கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி ஒவ்வொரு ஓட்டையாக ஒட்டி அடைத்தாள். பிலிம் கழுவச் சிவப்பு விளக்கு வேண்டும். வண்டியூர் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் எரிகிற ஜீரோ வாட் பல்பைக் கழற்றிக் குளியலறையில் மாட்டினாள். "அரை மணி நேரம் இருட்டுல இருந்தா சாமிக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது டீச்சர்" என்றாள்.

லென்ஸுக்கு மூடி, ஷூ பாலிஷ் டப்பாவினுடையது. ஷட்டர் எல்லாம் கிடையாது. அட்டையில் குத்திய ஒரு சின்னத் துளை வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போகும். துளை சிறிதாக இருந்தால் படம் துல்லியமாக வரும், ஆனால் நேரம் பிடிக்கும். மூடியைத் திறந்துவிட்டு நிதானமாக எட்டு எண்ண வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர் அசையக் கூடாது.

"போனில் எடுத்தால் ஒரே நொடி" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஊரு மூஞ்சியப் பூரா ஆதார் கார்டுல நகல் எடுத்தாச்சு டீச்சர். எங்கம்மாவுக்கும் அந்த ஆதார் படம் ஒண்ணுதான் இருக்கு, திருடிட்டு மாட்டுனவ மாதிரி முழிச்சுக்கிட்டு. அவுகள நல்லா உக்கார வச்சு எடுக்கணும்."

அம்மா செல்லக்கிளி எழுமலைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. பாதி ஆயுளை ஊரின் பெரிய நிலக்காரரான மேலவீட்டுக்காரர் காட்டில் களையெடுத்துக் கழித்தவர். இப்போது சொந்தமாக அரை ஏக்கரில் சோளம் போடுகிறார். ஆனாலும் மேலவீட்டுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவார். அந்தத் தெருவில் அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான். காலம் மாறிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். கால் முட்டிக்கு அதை யார் போய்ச் சொன்னார்கள்?

தை மாதம் முத்துச்செல்வி ஊருக்குப் போய் முதல் படம் எடுத்தாள். அவர்கள் தெருவின் அகலம் நாலடி. அந்த லென்ஸுக்குப் பத்தடியாவது தள்ளி நிற்க வேண்டும். அதனால் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தாள். ஐந்து எண்ணும்போது மேலவீட்டுக்காரர் பைக்கில் கடந்து போனார். செல்லக்கிளியம்மா எழுந்துவிட்டார்.

அந்தப் படத்தைக் கடையில் காட்டினாள். சேர் கால்கூடத் தெளிவாக இருந்தது. அம்மா இருந்த இடத்தில் வெறும் புகை.

"கால் தானா எந்திரிச்சிருச்சு தாயின்னு அம்மா சிரிக்கிறாக டீச்சர். எனக்கு அழுகதான் வந்துச்சு."

"துளையைப் பெரிதாக்கிவிடு. ஒன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்றேன், பெரிய யோசனை சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அவள் என்னை முறைத்தாள். "அந்தாளு வாராருன்னு என் கேமராவ மாத்தச் சொல்றீகளா? எட்டுன்னா எட்டுதான். அதே மந்தை, அதே நேரம்."

வெட்கமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு உசிலம்பட்டி வழியாக பஸ் ஏறினேன்.

செல்லக்கிளியம்மா கத்தரிப்பூ நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தார். சேரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "வீட்டுக்குள்ளயே எடுத்துரு தாயி. எதுக்கு வம்பு?"

"வம்புதாம்மா. உக்காருங்க."

உட்கார்ந்தார், சேரின் நுனியில். முத்துச்செல்வி போய்த் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்துவிட்டு வந்தாள். மூடியைத் திறந்து, சத்தமாக எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு.

மூன்றில் பைக் சத்தம் கேட்டது. இந்த அம்மா உட்கார்ந்திருப்பாரா? படமாவது ஒன்றாவது, எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

இந்த முறை வண்டி கடந்து போகவில்லை. சேருக்குப் பக்கத்திலேயே நின்றது. "என்ன செல்லக்கிளி, மந்தையில சேரெல்லாம் போட்டாச்சு போல?" என்றார் மேலவீட்டுக்காரர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்டுவிட்டு, எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்.

நான்கு. முத்துச்செல்வி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்து. அம்மாவின் விரல்கள் சேரின் கையை இறுக்கின. எழுவதற்குத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஆறு. எழவிடாமல் தன்னையே பிடித்துவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பதிலும் சொல்லவில்லை, உதடு அசைந்தால் படம் கெட்டுவிடும். ஏழு.

எட்டு. முத்துச்செல்வி மூடியைப் போட்டாள். "முடிஞ்சிருச்சும்மா. இனி எந்திரிக்கலாம்."

செல்லக்கிளியம்மா எழவில்லை. மேலவீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய நிழல் அம்மாவின் மடியில் விழுந்திருந்தது.

"செத்த தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீக. எம்மக இன்னொண்ணு எடுக்கப் போறா."

மேலவீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முத்துச்செல்வியைப் பார்த்தார். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.